படிக்க வந்தவர்களை மரத்தடிக்கு அழைத்துப் போன டாக்டர்: ஐடா ஸ்கடர் செய்தது என்ன?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். பேரூராட்சி. சுற்றுவட்டாரம் முழுக்க மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இந்த மாதிரி ஊர்களுக்கு வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் கையில் படிவத்தோடு வந்து இறங்குவது இப்போது பழகிப்போன காட்சி. வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்களாக இருக்கலாம், நர்சிங் படிக்கிறவர்களாக இருக்கலாம், பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு படிக்கிறவர்களாகவும் இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் படிப்புகளுக்குள் என்ன வித்தியாசம் என்பது முக்கியமில்லை. எழுதிக்கொண்டு போகிறவர்கள் மறுபடி வருவார்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

பாடம் சொல்லித் தரும் கல்லூரி ஒரு பக்கம். ஊரில் மருத்துவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையமோ, தொண்டு மருத்துவமனையோ, நகராட்சியின் சுகாதாரப் பிரிவோ இன்னொரு பக்கம். இரண்டும் கைகோத்தால் மாணவருக்குப் பாடம் கிடைக்கிறது. ஊருக்கு என்ன கிடைக்கிறது? உலகம் முழுக்கப் பொது சுகாதாரக் கல்லூரிகள் இன்றைக்கும் இதைப் பேசித் தீர்க்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்பு வேலூர்ப் பக்கம் ஒரு பெண்மணி இதற்குத் தன் வழியில் ஒரு விடை வைத்திருந்தார். அவர் ஐடா ஸ்கடர். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். வேலூரில் அந்த மருத்துவமனை இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே அவர் சாலையோரத்துக்குப் போய்விட்டார் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி.

டாக்டராக வேண்டாம் என்று இருந்தவர்

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மிஷனரி குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நடத்திவந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். பிறகு சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஐடாவின் அப்பாவும் ஜான் ஸ்கடர்தான், அவரும் டாக்டர்தான். வீட்டில் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் மிஷனரி அல்லது டாக்டர், இல்லையென்றால் இரண்டும்.

ஐடாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது 1876-78 பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன்கள் சொன்ன அதே பஞ்சம். பசியில் சுருண்ட குழந்தைகளைக் கண்ணெதிரே பார்த்த சிறுமிக்கு இந்த நாட்டில் வாழும் ஆசை வராமல் போனதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நிலைத்துவிடலாம் என்பதுதான் நினைப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால் 1890-ல் திண்டிவனம் வந்து சேர்ந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பும் திட்டம்.

குரும்பலூர், பெரம்பலூர்க்காரர்கள் சென்னைக்கு பஸ் ஏறினால் திண்டிவனத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். அந்த ஊரில்தான் அந்த ராத்திரி நடந்தது. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், அப்புறம் இன்னொரு உயர்சாதி இந்து. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஐடாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வலியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்பா டாக்டர், அவரைக் கூப்பிட்டுப் போங்கள் என்று ஐடா சொல்லியும் மூவரும் மறுத்துவிட்டார்கள். ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

சி.எம்.சி. பற்றி யார் எழுதினாலும் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். மனசை மாற்றிக்கொண்ட இளம்பெண்ணின் கதையாகவே இது சொல்லப்படுகிறது. ஆனால் இதற்குள் இன்னொரு சேதியும் இருக்கிறது. அந்த ராத்திரி திண்டிவனத்தில் டாக்டர் இல்லாமல் இல்லை. படித்த, அனுபவமுள்ள டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தார், மருந்தும் இருந்தது. ஊருக்கும் அந்த மருத்துவத்துக்கும் நடுவில் போய் நிற்க ஆள் இல்லை. ஐடா பின்னாளில் செய்த முக்கால்வாசி வேலை இந்த நடு இடத்தை நிரப்புகிற வேலைதான்.

பத்தாயிரம் டாலரும் ஒரு சின்ன அறையும்

அமெரிக்கா திரும்பி ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். கிளம்பும் முன் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார் ஐடா. அப்பாவிடம் தொழில் பழகிக்கொள்ளலாம் என்பது கணக்கு. சில மாதங்களிலேயே, மே மாதத்தில், அப்பா இறந்துபோனார்.

புது டாக்டர், அதுவும் சின்னப் பெண், பக்கத்தில் சொல்லித் தரவும் ஆளில்லை. ஆரம்பத்தில் நோயாளிகள் தயங்கியதில் தப்பு சொல்ல முடியாது. பங்களாவில் ஒரு சின்ன அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். சமையற்காரரின் மனைவி சலோமிதான் முதல் உதவியாளர். அவருக்கு நர்ஸ் வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஐடா. வேலூரில் ஐடா நடத்திய முதல் வகுப்பு அதுதான் என்று சொல்லலாம். இரண்டே வருடத்தில் சுமார் 5,000 நோயாளிகள் வந்துபோனார்கள். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

கட்டடம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. 40 படுக்கையை நிரப்ப வேலூர் நகரமே போதும். ஆனால் வண்டி கட்டிக்கொண்டு வர முடிகிறவர்கள்தான் வந்தார்கள். அவர்களிலும் பலர், வீட்டிலும் கோயிலிலும் நாட்டு வைத்தியரிடமும் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியாக வந்தவர்கள். மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருந்தால் நோயின் கடைசி அத்தியாயத்தைத்தான் பார்க்க முடியும். முதல் அத்தியாயம் ஊரில் நடக்கிறது.

புளியமரத்தடியில் ஒரு ஆஸ்பத்திரி

அந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் ஐடா சாலையோர மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார். முதலில் மாட்டுவண்டி. பிறகு சின்ன பெஜோ கார் ஒன்று வந்தது. மாடும் குதிரையும் இல்லாமல் புகை விட்டுக்கொண்டு ஓடும் வண்டியைப் பார்த்துப் பேய் என்று நினைத்து ஓடியவர்கள் உண்டு என்கிறார்கள். மருந்துப் பெட்டி, கட்டுத்துணி, பாட்டில்கள், கத்தி, கிடுக்கி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் ஒவ்வொரு இடமாக நின்று நின்று போவார்.

இதில் கவனிக்க வேண்டியது காரையோ மருந்தையோ அல்ல, ஒழுங்கை. வாரத்தில் குறித்த நாள், குறித்த இடம். மரத்தடி என்றால் அதே மரத்தடி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விடிகாலையிலேயே வந்து காத்திருப்பார்கள். புண், சிரங்கு, கண் நோய், காய்ச்சல், வயிற்றுப் பூச்சி என்று வரிசை நீளும். கட்டியைக் கீறி விடுவது, கட்டுப்போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அங்கேயே. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வேலூருக்கு வரச்சொல்வார்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்கு வந்து, போன வாரம் கட்டுப்போட்ட கை ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இன்றைய மருத்துவ முகாம்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முகாம் என்றால் பந்தல், பேனர், ஒரு நாள், முடிந்தது. அதனால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு காயம் ஆறுவதைப் பார்க்க ஒரு நாள் போதாது, ஒரு ஊரின் நம்பிக்கையைப் பெறவும் போதாது. மறுபடி வருவார்களா என்ற கேள்விக்குச் சாலையோர மருத்துவம் வாராவாரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சாலையோரத்தில் வரிசையில் நின்றவர்களில் தொழுநோயாளிகளும் இருந்தார்கள். அந்தக் காலத்து வட ஆற்காட்டில் தொழுநோய் அதிகம். வீட்டிலும் ஊரிலும் ஒதுக்கப்பட்டவர்கள், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கவே கூசியவர்கள், மரத்தடிக்கு வந்தார்கள். இந்த நோய் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பது மருத்துவமனைப் பதிவேட்டில் தெரிவதைவிடச் சாலையோரத்தில் நன்றாகத் தெரியும். பின்னாளில் ராபர்ட் காக்ரேன், பால் பிராண்ட் போன்றவர்கள் வேலூரில் தொழுநோய்க்காக உழைத்ததற்கும், காட்பாடி அருகே கரிகிரியில் 1955-ல் தனி மையம் உருவானதற்கும் இப்படிப் பார்த்த நோயாளிகளே பின்னணி.

151 விண்ணப்பங்கள்

எத்தனை ஊருக்குத்தான் ஒரே ஆள் போக முடியும்? 1909-ல் நர்சிங் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்து, பெண் டாக்டர்களையே இங்கே உருவாக்க வேண்டும் என்று ஐடா பிடிவாதமாக இருந்தார். சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசனுக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம், ஆறு பேர் கிடைத்தால் பள்ளியைத் தொடங்கிக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் அனுமதி தந்தார். வந்த விண்ணப்பங்கள் 151.

1918 ஆகஸ்ட் 12 அன்று பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அப்போது கொடுத்தது எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு, எம்.பி.பி.எஸ். அல்ல. வாடகைக் கட்டடம், ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் புத்தகங்கள், ஒரு பெட்டி எலும்பு. இவ்வளவுதான் கையிருப்பு. உடற்கூறு பாடத்தைக்கூட ஆரம்பத்தில் ஐடாவே நடத்தினார். 1922-ல் அந்த முதல் அணி மாகாணத் தேர்வு எழுதியது. ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறுவார், உங்கள் பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லப்பட்டது. தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

இந்த மாணவிகள்தான் பிறகு சாலையோர வண்டியில் ஏறினார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மருத்துவம் செய்யும் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதன் நாளும் இடமும் ஊருக்குத் தெரியும், அதில் மாணவிகள் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். பாடத்துக்காகக் கிராமம் தேடிப் போகவில்லை. இன்று பல இடங்களில் நடப்பது தலைகீழ். பாடத்திட்டத்தில் களப்பணி என்று ஒரு வரி இருக்கும்; அந்த வரியை நிரப்ப ஒரு கிராமம் தேவைப்படும்; பருவம் முடிந்ததும் கிராமம் மறந்துபோகும். முன்னதில் மாணவர் மாறிக்கொண்டே இருந்தாலும் ஊருக்கு நஷ்டமில்லை. பின்னதில் மாணவர் போனால் எல்லாமே போய்விடுகிறது.

மாணவிகளுக்குக் கிடைத்த பாடமும் சாதாரணமானதல்ல. சிரங்குக்கு மருந்து தடவிவிட்டால் மட்டும் போதாது, அதே குட்டையில் குளித்தால் அடுத்த வாரம் மறுபடி வரும் என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அந்தக் குழந்தையே வந்து நின்று சொல்லிக்கொடுத்துவிடும். இதைத்தான் பொது சுகாதாரம் என்ற பெயரில் பின்னாளில் தனிப் பாடமாக வைத்தார்கள்.

பால்டிமோரும் சிங்கூரும்

வேலூரில் பெண்கள் மருத்துவப் பள்ளி திறந்த அதே 1918-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரக் கல்லூரியும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணம். பொது சுகாதாரத்துக்கென்றே முதுநிலைப் படிப்பு என்ற முறை உலகெங்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தக் கல்லூரிக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஆய்வகம் அருமையாக இருந்தது, ஊர் இல்லை. 1930களில் பால்டிமோர் நகர சுகாதாரத் துறையோடு சேர்ந்து நகரத்தின் கிழக்குப் பகுதியை ஒரு சுகாதார மாவட்டமாக அமைத்து, மாணவர்களை அங்கே அனுப்பினார்கள். கல்லூரியும் உள்ளூர் சுகாதார அமைப்பும் கைகோப்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அது.

இந்தியாவில் 1932-ல் கொல்கத்தாவில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது சுகாதாரக் கல்வி நிறுவனம் வந்தது. அதற்கும் ராக்ஃபெல்லர் உதவி. அதன் இயக்குநராக இருந்த ஜான் கிராண்ட், களப்பயிற்சிக்கு சிங்கூரைத் தேர்ந்தெடுத்தார். பல ஆண்டுகள் கழித்து கார் தொழிற்சாலைப் பிரச்சினையில் நாடெங்கும் பெயர் அடிபட்டதே, அதே சிங்கூர்தான்.

ஐடா ஸ்கடர் பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு எதையும் நடத்தியவர் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பால்டிமோரும் கொல்கத்தாவும் படிப்பைத் தொடங்கிவிட்டு ஊரைத் தேடின. வேலூரில் ஊர் முதலில் வந்தது, பள்ளி அதற்குப் பின்னால் வந்தது, முதுநிலைப் படிப்பெல்லாம் ரொம்பக் கடைசியில்.

கல்லூரி பெரிதானபோது

1928-ல் பாகாயத்தில் சுமார் 200 ஏக்கரில் மருத்துவப் பள்ளிக்கான வளாகம் உருவாகத் தொடங்கியது. அந்த ஆண்டு காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்தே வருடத்தில் இடி விழுந்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டு எம்.பி.பி.எஸ். பட்டம் தரும் கல்லூரியாக உயர வேண்டும் என்று 1938-ல் அரசு உத்தரவு வந்தது. கூடுதல் படுக்கைகள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆய்வகங்கள் என்று எல்லாமே பணம் கேட்கும் விஷயங்கள். ஐடாவுக்கு வயது 67.

ஓய்வு பெற வேண்டிய வயதில் அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கையேந்தினார். அதுவும் உலகப்போர் நேரத்தில். பல சபைகள் சேர்ந்து நடத்தும் நிறுவனமாக சி.எம்.சி. மாறியதும், ஆண்களும் படிக்கலாம் என்று முடிவானதும் இந்த நெருக்கடியில்தான். பெண்களுக்கென்று பணம் சேர்த்துக் கொடுத்த நெடுநாள் தோழிகள் சிலருக்கு அது பெரிய மனக்கசப்பு. ஐடா யோசித்து, கல்லூரி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். நாடு விடுதலையானதை ஒட்டி ஹில்டா லாசரஸ் சி.எம்.சி.யின் முதல் இந்திய இயக்குநரானார்.

கல்லூரி தப்பித்தது. ஆனால் ஒரு ஆபத்தும் கூடவே வந்தது. பெரிய அறுவை சிகிச்சைகள், புதுப்புதுக் கருவிகள், நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் என்று பெயர் பரவப் பரவ, மருத்துவமனையின் பார்வை இயல்பாகவே நகரத்துப் பக்கம் திரும்பும். வேலூரில் ஹோட்டல் அறை கிடைக்காமல் வெளிமாநிலத்துக் குடும்பங்கள் அலைவதை இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் குடியாத்தம் சாலையின் மரத்தடி யாருக்கு ஞாபகம் இருக்கும்? பல பெரிய மருத்துவக் கல்லூரிகளில் நடந்தது இதுதான். வேலூரில் முழுசாக அப்படி நடக்காமல் போனதற்கு, அங்கே படித்தவர்களுக்கு மரத்தடி ஏற்கெனவே பாடமாகியிருந்தது ஒரு காரணம்.

குறைகள் இல்லாமலா?

சாலையோர மருத்துவத்தைப் புனிதமாக்கிவிடத் தேவையில்லை. அது மிஷன் பணத்தில் நடந்தது, மதம் பரப்பும் நோக்கமும் அதோடு சேர்ந்தே போனது. மருந்து வாங்க வந்தவர்கள் பிரசங்கத்தையும் கேட்டார்கள். இதில் சங்கடப்பட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இன்னொரு குறை, பொது சுகாதாரக் கண்ணோட்டத்தில் முக்கியமானது. மரத்தடிக்கு வந்தவர்களுக்குத்தான் மருத்துவம். நடக்க முடியாத கிழவி, சாதிக்குப் பயந்து வராதவர், வேலைக்குப் போனால்தான் சோறு என்ற கூலியாள் இவர்களெல்லாம் கணக்கில் வரமாட்டார்கள். ஊரில் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது என்று தெரிந்துகொள்ள வரிசையை எண்ணினால் போதாது, வீடு வீடாகப் போக வேண்டும். வண்டி திரும்பிய பிறகு மீதி ஆறு நாளும் ஊரில் யார் பார்ப்பார்கள் என்பதற்கும் மரத்தடியில் பதில் இல்லை.

அவருக்குப் பிறகு

1946-ல் ஓய்வு பெற்ற ஐடா கொடைக்கானலில் போய் இருந்தார். முகவரி கூட எழுதாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. 1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார்.

அவர் விட்ட இடத்தில் பிடித்தவர்கள் இரண்டு குறைகளையும் சரிசெய்யப் பார்த்தார்கள். 1950களில் கிராம சுகாதாரத்துக்கென்று தனித் துறை வளர்ந்தது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம் அதன் களம். அங்கே ஊரைச் சேர்ந்த ஒரு பெண் பகுதிநேர சுகாதாரப் பணியாளர். அவருக்கு மேலே ஒரு சுகாதார உதவியாளர், அதற்கு மேலே பொது சுகாதார நர்ஸ், அதற்கும் மேலே டாக்டர் என்று அடுக்கு. பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாம் கீழிருந்து மேலே பதிவாகிச் சரிபார்க்கப்படும். மீதி ஆறு நாளும் யார் என்ற கேள்விக்கு அந்தப் பெண்தான் விடை. 1977-ல் கே.வி. குப்பம் ஒன்றியத்தில் ரூசா என்ற கிராமப்புற மையம் வந்தது. அந்த ஒன்றியம் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில், ஐடாவின் கார் ஓடிய அதே பக்கத்தில்தான் இருக்கிறது. சுகாதாரத்தோடு விவசாயம், தொழிற்பயிற்சி போன்றவற்றையும் சேர்த்துச் செய்த முயற்சி அது. சி.எம்.சி.யில் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போவது பாடத்தின் பகுதியானது. சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு படிப்பவர்களுக்கும் இந்த ஊர்கள்தான் வகுப்பறை.

அரசுப் பக்கமும் முயற்சி இல்லாமலில்லை. ஒவ்வொரு டாக்டரும் படிக்கும்போதே மூன்று மாதம் நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் பயிற்சி பெற வேண்டும் என்று 1946-ல் போர் குழு பரிந்துரைத்தது. 1977-ல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைய வேண்டும் என்று ஒரு தேசியத் திட்டம் வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது வேர் பிடிக்கவில்லை. இப்போது தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, படிப்புக் காலத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ஊர்ப் பெண்களே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். ஆகவே பெரம்பலூர் மாவட்டம் மாதிரியான இடத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் வரும்போது, அவர் சேர்ந்துகொள்ள ஒரு வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், மாத்திரை தரும் தன்னார்வலர் எல்லாரும் இருக்கிறார்கள். மாணவர் எடுக்கும் ரத்த அழுத்தக் கணக்கு கல்லூரியின் ஆய்வேட்டுக்கு மட்டும் போகிறதா, அந்தச் செவிலியரின் பதிவேட்டுக்கும் போகிறதா என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். கணக்கில் அளவு கூடிப்போயிருப்பது தெரிந்தால் யாரிடம் போக வேண்டும் என்று அந்த மாணவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா, அடுத்த வருடம் வரும் அணி இதே வீட்டுக்கு வருமா, வேறு ஊருக்குப் போய்விடுமா என்றும் கேட்கலாம். படிவம் நிரப்பும் அந்தப் பத்து நிமிடத்திலேயே இதையெல்லாம் கேட்டுவிட முடியும்.